முழங்கால் சார்

"முழங்கால் சார், உள்ளே வாங்க!"

ஏழு மாதம் என்னை இப்படித்தான் கூப்பிட்டார்கள். எனக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று, பான் கார்டில் தப்பாக அச்சான பெயர் ஒன்று, ஆக இரண்டு பெயர்கள் உண்டு. சூளைமேட்டில் அந்த பிசியோதெரபி கிளினிக்கில் இரண்டும் செல்லுபடியாகாது. அங்கே எந்த மூட்டு கெட்டிருக்கிறதோ அதுதான் பெயர். தோள்பட்டை மாமி, இடுப்பு தாத்தா, கணுக்கால் பாப்பா. கழுத்து என்று ஒரு பேங்க் மானேஜர் வருவார். "கழுத்து வந்தாச்சா?" என்று உதவிப் பெண் உரக்கக் கேட்கும்போது புதிதாக வந்தவர்கள் கொஞ்சம் மிரளுவார்கள்.

கிளினிக் முதல் மாடியில். லிஃப்ட் கிடையாது. முழங்கால் உடைந்தவனுக்கு சிகிச்சை தரும் இடத்தை மாடியில் வைத்த கட்டட சொந்தக்காரரை நான் ஒவ்வொரு படியிலும் நினைத்துக்கொள்வேன். மொத்தம் 19 படிகள்.

விபத்து என்றதும் பைபாஸில் லாரியோடு நேருக்கு நேர் மோதியதாகக் கற்பனை செய்ய வேண்டாம். 2017 ஜூன் கடைசி வாரம். சிக்னலில் நின்றுகொண்டிருந்தேன். வேகம் பூஜ்யம். பின்னால் ஒருவர் ஹாரன் அடித்தார். "என்னய்யா அவசரம்?" என்று கேட்பதற்காகத் திரும்பினேன். ஊன்றிய கால் மணலில் மாட்டிக்கொண்டது, உடம்பு திரும்பிவிட்டது, ஸ்கூட்டர் தன் இஷ்டத்துக்குச் சாய்ந்தது. முழங்காலுக்குள் 'டப்' என்று ஒரு சத்தம். மார்க்கெட்டில் வெண்டைக்காய் நுனியை ஒடித்துப் பார்ப்பார்களே, அந்தச் சத்தம்.

"ஏ.சி.எல். போயிடுச்சு. கிரிக்கெட், ஃபுட்பால் ஆடறவங்களுக்கு வர்றது. நீங்க எந்த லெவல்ல ஆடறீங்க?" என்றார் எலும்பு டாக்டர்.

"ஆடறதில்லை டாக்டர். ஆடிட் ஆபீஸ்" என்றேன்.

ஏ.சி.எல். என்பது முழங்காலுக்குள் குறுக்கே ஓடும் ஒரு லிகமென்ட். தொடை எலும்புக்குக் கீழே கால் எலும்பு முன்னால் வழுக்கிப் போகாமல் பிடித்துக்கொள்வதுதான் அதற்கு வேலை. அறுந்தால் தானாக ஒட்டிக்கொள்வது அபூர்வம். என் தொடையின் பின்பக்கத்திலிருந்தே கொஞ்சம் நாரை உருவி, எலும்பில் துளை போட்டு, புது லிகமென்ட்டாக மாட்டினார்கள். ஒன்றரை மணி நேர வேலை. ஆபரேஷன் முடிந்தால் எல்லாம் முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். அது கல்யாணப் பத்திரிகை மாதிரி சார். குடும்பம் நடத்துவது அப்புறம்.

கல்யாணம் என்றதும்தான் ஞாபகம் வருகிறது. எனக்கு நிச்சயமாகி மூன்று வாரம் ஆகியிருந்தது. தை மாதத்தில் முகூர்த்தம். ஆஸ்பத்திரிக்கு ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்த வருங்கால மாமனார் காலைப் பார்த்தார், கட்டைப் பார்த்தார், என் அப்பாவை வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு போனார். கதவு சரியாகச் சாத்தவில்லை.

"அதெல்லாம் சரிங்க. மாப்பிள்ளை மணையில சம்மணம் போட்டு உட்காருவாருல்ல? எங்க பக்கம் நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க..."

இருக்கும் ஆறரை மாதத்தில் நான் சாதிக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். தரையில் உட்கார வேண்டும்.

பிசியோ மேடம் நாகர்கோவில்காரர். முப்பது வயதிருக்கும். முதல் நாள் ஒரு தாளைக் கொடுத்தார். முழங்காலுக்கு அடியில் டவலைச் சுருட்டி வைத்து, தொடையை இறுக்கி டவலை அழுத்த வேண்டும். பத்து எண்ணும்வரை பிடிக்க வேண்டும். விட வேண்டும். பத்து தடவை. ஒரு நாளைக்கு மூன்று வேளை. அடுத்து குதிகாலைப் படுக்கையில் இழுத்து மடக்குவது. அடுத்து நேராகத் தூக்குவது.

கேட்க சுலபம். செய்து பாருங்கள். முதல் நாள் ஆர்வமாக இருக்கும். இரண்டாம் நாள் கடமையாக இருக்கும். நான்காம் நாள் டவலை அழுத்திக்கொண்டே சீலிங் ஃபேனில் எத்தனை தூசி இழை தொங்குகிறது என்று எண்ண ஆரம்பிப்பீர்கள். வலி கூடப் பரவாயில்லை. வலியில் ஒரு சுவாரஸ்யம் இருக்கிறது, நாலு பேரிடம் சொல்லலாம். டவலை அழுத்தினேன் என்று யாரிடம் போய்ச் சொல்வது? நேற்றைக்கும் இன்றைக்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது. சுவரில் சாய்ந்து சுவரைத் தள்ளுகிற வேலை.

ஆகவே பொய் சொன்னேன்.

"நேத்து மூணு வேளையும் செஞ்சீங்களா சார்?"

"செஞ்சேன் மேடம்."

அவர் பதில் பேசவில்லை. இஞ்ச் டேப்பை எடுத்து முழங்காலுக்கு மேலே 10 சென்டிமீட்டரில் இரண்டு தொடையையும் சுற்றி அளந்தார். வலது தொடை நாலு சென்டிமீட்டர் இளைத்திருந்தது. "உங்க வாய் செஞ்சிருக்கு. தொடை செய்யலை" என்றார். ஆடிட்டில் இதற்கு நேரடி சரக்குச் சரிபார்ப்பு என்று பெயர். நாங்கள் கம்பெனி கோடவுன்களில் செய்வதை அவர் என் தொடையில் செய்துவிட்டார்.

என் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. நான் அழுத்தினாலும் தொடை கேட்கவில்லை. மேடம் விளக்கினார். முழங்காலில் அடிபட்டு நீர் கோர்த்துக்கொண்டால், அங்கிருந்து போகும் செய்தி தொடையின் முன்தசைக்கு வரும் கட்டளையை அடக்கிவிடுமாம். உடம்பு தன்னைக் காப்பாற்றிக்கொள்வதாக நினைத்துச் செய்யும் காரியம். அதாவது மூளை ஃபோன் பண்ணிக்கொண்டே இருக்கிறது, தொடை எடுக்கவில்லை. எடுக்கவில்லை என்பதும் மூளைக்குத் தெரியவில்லை.

அடுத்த நாள் டவலுக்குப் பதிலாக ஒரு பி.பி. பார்க்கும் பட்டையை என் முழங்காலுக்கு அடியில் வைத்தார். கொஞ்சம் காற்று அடித்து, முள்ளை 40இல் நிறுத்தினார். டயலை என் கையில் கொடுத்தார்.

"இப்ப அழுத்துங்க."

அழுத்தினேன். முள் 44க்குப் போனது.

அவ்வளவுதான் சார். நாலே நாலு கோடு. ஆனால் இரண்டு வாரமாக ஊமையாகக் கிடந்த தொடை முதல் முறையாக வாயைத் திறந்து பேசியது. மறுபடி அழுத்தினேன், 46. பல்லைக் கடித்து அழுத்தினேன், 45. ஏன் குறைந்தது? பல்லைக் கடித்ததால் தாடைதான் இறுகியது போல. நிதானமாகத் தொடையை மட்டும் நினைத்து அழுத்தினேன், 51. அன்றைக்கு நான் எத்தனை தடவை செய்தேன் என்று எண்ணவில்லை. மேடம்தான் வந்து பட்டையைப் பிடுங்கிக்கொண்டார். "அடுத்த பேஷன்ட்டுக்கு பி.பி. பார்க்கணும் சார்!"

போகிற வழியில் மருந்துக்கடையில் ஒரு பி.பி. மெஷின் வாங்கினேன். எங்கள் வீட்டில் யாருக்கும் பி.பி. கிடையாது. பில்லைப் பார்த்து அப்பாவுக்கு வந்தது.

இந்த வெற்றிக்குப் பின்னால் மேடத்தின் மூளை வேகமாக வேலை செய்திருக்க வேண்டும். ஆகஸ்ட் முதல் வாரம் கிளினிக் சுவரில் ஒரு பெரிய சார்ட் முளைத்தது. பரமபதம். 100 கட்டம், ஏணிகள், பாம்புகள். எங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு கலர் சட்டைப் பொத்தான், குண்டூசியில் குத்தி.

தாயக்கட்டை கிடையாது. அவரவர் மூட்டுதான் தாயக்கட்டை. நல்ல பக்கத்தை 100 என்று வைத்துக்கொள்வது, கெட்ட பக்கம் அதில் எத்தனை என்று பார்ப்பது. என் இடது முழங்கால் 140 டிகிரி மடங்கும். வலது அப்போது 70. ஆக எனக்கு 50ஆவது கட்டம். இந்த முறையில் மூட்டுக்கும் மூட்டுக்கும் சண்டை வராது. தோள்பட்டையும் கணுக்காலும் ஒரே போர்டில் ஆடலாம். ஏழு நாள் விடாமல் வீட்டுப் பாடம் செய்தால் ஏணி. ஒரு நாள் டபாய்த்தால் பாம்பு. கணக்குத் தணிக்கைக்கு நிற்காத முறைதான். இருந்தாலும் நான் கையெழுத்துப் போட்டேன்.

தோள்பட்டை மாமி பாத்ரூமில் வழுக்கி விழுந்து தோளை உடைத்துக்கொண்டவர். அவருக்குத் தனி ஏற்பாடு. சுவரில் விரல்களாலேயே ஏற வேண்டும். எட்டின உயரத்தில் நெற்றியிலிருக்கும் ஸ்டிக்கர் பொட்டை எடுத்து ஒட்டிவிட்டு வர வேண்டும். மாமி வீட்டுக்குப் போகும்போது வெறும் நெற்றியோடு போவார். சுவரில் பொட்டுகள் தினம் ஒரு விரற்கடை ஏறிக்கொண்டே போயின. ஒரு நாள் பொட்டு கீழே இறங்கியது. "நேத்து ராத்திரி வத்தக்குழம்பு கிண்டினேன்" என்றார் மாமி, கோர்ட்டில் சொல்வது போல.

எனக்கு இதில் வந்த சந்தேகம், இதெல்லாம் மேடத்தின் சொந்த சரக்கா, இல்லை உலகத்தில் வேறு எங்கேயும் உண்டா என்பது. கால் குடைச்சலில் ராத்திரி தூக்கம் வராதபோது தேடித் தேடிப் படித்தேன். ரொம்பப் பழைய சங்கதி. இரண்டாம் உலகப் போர் சமயம் இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில் லுட்விக் குட்மன் என்ற டாக்டர், ஹிட்லரிடமிருந்து தப்பி வந்தவர், 1944இல் முதுகுத்தண்டு அடிபட்ட சிப்பாய்களுக்கென்று ஒரு வார்டு ஆரம்பித்தார். அந்தக் காலத்தில் முதுகுத்தண்டு போனால் படுக்கையில் போட்டு நாளை எண்ணுவதுதான் வைத்தியம். இவர் அவர்கள் கையில் வில்லையும் பந்தையும் கொடுத்தார். 1948 ஜூலை 29, லண்டன் ஒலிம்பிக்ஸ் தொடங்கிய அதே நாள், ஆஸ்பத்திரிப் புல்வெளியில் சக்கர நாற்காலியில் 16 பேர் வில்வித்தைப் போட்டி நடத்தினார்கள். 14 ஆண்கள், 2 பெண்கள். அந்தப் புல்வெளிப் போட்டிதான் வளர்ந்து 1960இல் ரோம் நகரில் முதல் பாராலிம்பிக்ஸாக ஆனது. நம் முரளிகாந்த் பேட்கர் 1965 போரில் குண்டடிபட்ட ராணுவக்காரர். உடம்பு தேற நீச்சலில் இறங்கியவர். 1972இல் ஹைடல்பர்க் பாராலிம்பிக்ஸில் 50 மீட்டர் நீச்சலில் தங்கம் வாங்கினார். அவர் கதை 2024இல் இந்திப் படமாகக்கூட வந்தது.

அமெரிக்காவில் சியாட்டில் பக்கம் இன்னொரு கூத்து. தீக்காயத்துக்குக் கட்டு மாற்றுவது நரக வேதனை. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 1996 வாக்கில் பனிஉலகம் என்று ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டை உருவாக்கத் தொடங்கினார்கள். நோயாளியின் தலையில் ஒரு கவசத்தை மாட்டுவார்கள். உள்ளே எங்கே பார்த்தாலும் பனி. பென்குவின் மேல் பனி உருண்டை எறிந்துகொண்டே இருக்கலாம். வெளியே நர்ஸ் கட்டைப் பிரிப்பார். மாட்டிக்கொண்டவர்களுக்கு வலி கணிசமாகக் குறைந்ததாக ஆய்வு சொல்கிறது. 2006இல் நின்டென்டோ கம்பெனி வீ என்ற டி.வி. விளையாட்டைக் கொண்டுவந்தபோது, குழந்தைகளுக்குப் போட்டியாக பிசியோதெரபிஸ்ட்டுகளும் வாங்கினார்களாம். எங்கள் கிளினிக்கிலும் அதன் பேலன்ஸ் பலகை ஒன்று செகண்ட் ஹாண்டில் இருந்தது. ஏறி நின்றால் உங்கள் எடை எந்தக் காலில் எவ்வளவு என்று திரையில் காட்டிவிடும். நான் நேராக நிற்பதாக நினைத்துக்கொண்டு 70 சதவீதத்தை இடது காலில் போட்டு நின்றுகொண்டிருந்தேன். அரசியல்வாதிகளுக்கும் அதை ஒரு முறை சிபாரிசு செய்யலாம்.

சரி, போர்டுக்கு வருவோம்.

என் எதிரி ஆகஸ்ட் நடுவில் வந்து சேர்ந்தான். 22 வயதுப் பையன், விழுப்புரம் பக்கம், அம்பத்தூரில் ஒரு சின்ன பிரஸ் ஷாப்பில் வேலை. தகட்டை வெட்டும் மெஷின் வலது கையைப் பிடித்துவிட்டது. நடு விரல், மோதிர விரல் இரண்டின் நுனியும் இல்லை. ஆட்காட்டி விரலில் அறுந்த டெண்டனைத் தைத்திருந்தார்கள். பெயர் உடனே மாறியது: கை.

கைக்கு மேடம் தந்த விளையாட்டு பல்லாங்குழி. மாமி தன் வீட்டுப் பரணிலிருந்து கொண்டுவந்து கொடுத்த பலகை. கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் புளியங்கொட்டையை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்துக் குழியில் போட வேண்டும். ஒரு நிமிஷத்தில் எத்தனை? இடது கைக்கு 48. வலது கைக்கு 12. ஆக 25ஆவது கட்டத்தில் பையனின் சிவப்புப் பொத்தான் குத்தப்பட்டது. பார்க்க அற்பமாகத் தெரியும். நீங்கள் சட்டைப் பொத்தான் போடுவது, சாவியைத் திருப்புவது, சில்லறை எடுப்பது எல்லாமே அந்தக் கிள்ளல்தான்.

"சார், வாரக் கடைசியில யார் அதிகக் கட்டம் ஏறியிருக்கோமோ அவங்களுக்கு மத்தவங்க பஜ்ஜி வாங்கித் தரணும். சரியா?" என்றான்.

ஒத்துக்கொண்டேன். அங்கிருந்துதான் புத்தி கெட்டது.

வீட்டில் என் வருங்கால மனைவியோடு ராத்திரி ஃபோன் பேச்சு இப்படிப் போகும்:

"இன்னிக்கு எத்தனைங்க?"

"97."

"நேத்தும் 97தானே?"

"நேத்து 96. நீ சரியா கவனிக்கறதில்லை."

உலகத்தில் வேறு எந்த ஜோடியும் இப்படிக் காதலித்திருக்காது. அவளும் ஒரு காலண்டரில் குறித்து வைத்துக்கொண்டிருந்தாள் என்று பிறகு தெரிந்தது. அதை அவள் அப்பா தினம் காபி குடித்துக்கொண்டே பார்ப்பார் என்பதும்.

முதல் வாரம் பஜ்ஜி எனக்கு. இரண்டாம் வாரம் அவனுக்கு. மூன்றாம் வாரமும் அவனுக்கு. செப்டம்பர் நடுவில், ஆபரேஷன் ஆகி ஒன்பதாவது வாரம், காலில் வலியே இல்லை. 108 டிகிரி மடங்கியது. வலி இல்லையே என்ற தைரியத்தில், ஆபீஸ் நாலு மாடியையும் மூன்று தடவை ஏறி இறங்கினேன். வீட்டுக்கு வந்து தாளில் இல்லாத உட்கார்ந்து எழும் பயிற்சி ஐம்பது. ராத்திரி முழங்கால் பலாச்சுளைக் கொட்டை மாதிரி இருந்தது, காலையில் பலாப்பழம் மாதிரி ஆகிவிட்டது.

மேடத்துக்கு அவ்வளவு கோபம் வரும் என்று எனக்குத் தெரியாது.

"சார், உள்ள வெச்சிருக்கிறது இப்ப உங்க லிகமென்ட் இல்லை. இடம் மாத்தி நட்ட செடி. ஆறாவது வாரத்துலேர்ந்து மூணு மாசம் வரைக்கும் அதுக்குப் பலம் ரொம்பக் கம்மி. வலியும் கம்மியா இருக்கும். அதனாலதான் அந்த நேரத்துல எல்லாரும் ஆடி அறுத்துக்கிறாங்க. பஜ்ஜிக்காகவா திரும்ப ஆபரேஷன் பண்ணிக்கப் போறீங்க?"

டாக்டர் காலை இழுத்துப் பார்த்து, அறவில்லை என்றார். நீர்தான் கோர்த்திருந்தது. 108 இறங்கி 94 ஆனது. அன்று ராத்திரி ஃபோனில் "எத்தனைங்க?" என்ற கேள்விக்கு நெட்வொர்க் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

மறுநாள் போர்டில் ஒரு புதுப் பாம்பு. தலை 80இல், வால் 60இல். உள்ளதிலேயே நீளம். மேல் எழுத்து: ஆர்வக்கோளாறு. அதன் வாய்க்கு நேராக என் நீலப் பொத்தான்.

கட்டுப்போட்ட காலோடு ஓரமாக உட்கார்ந்து அடுத்தவன் மார்க்கைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர எனக்கு வேலை இல்லை. வேலை இல்லாத ஆடிட்டர் ஆபத்தானவன். சிவப்புப் பொத்தானின் கணக்கு நோட்டைப் புரட்டினேன். 12, 14, 15, 17, 19, 20... 31. இது என்ன தாவல்? மூட்டு இப்படித் தாவாது. மருந்துக் கம்பெனி விற்பனைதான் மார்ச் 31ஆம் தேதி இப்படித் தாவும். அடுத்த நாள் கவனித்தேன். உதவிப் பெண் கடிகாரம் பார்க்கத் திரும்பியதும் அவன் இடது கை சத்தமில்லாமல் நாலு கொட்டையைக் குழியில் தள்ளியது.

"ஏய், போங்கு ஆடறான்! இடது கையாலே போடறான்!" என்று கத்திவிட்டேன். மாமி, கழுத்து, இடுப்பு எல்லாரும் திரும்பினார்கள். கழுத்து மட்டும் உடம்போடு சேர்த்துத் திரும்பினார். எனக்கு வரவேண்டிய இரண்டு வாரத்து பஜ்ஜி என் கண்ணை மறைத்திருந்தது.

பையன் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து படியிறங்கிப் போய்விட்டான்.

மேடம்தான் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவன் தினமும் போர்டை ஃபோனில் படம் எடுப்பதைப் பார்த்திருக்கிறேன். சந்தோஷத்துக்கு எடுக்கிறான் என்று நினைத்திருந்தேன். அதைச் சூப்பர்வைசருக்கு அனுப்பிக்கொண்டிருந்தானாம். மூன்று மாதத்துக்குள் கை சரியாகாவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வோம் என்று சொல்லியிருந்தார்களாம்.

"எனக்கும் நேத்துதான் தெரியும் சார். போர்டை விளையாட்டுக்குத்தான் போட்டேன். அது சர்டிபிகேட் ஆயிடுச்சு" என்றார்.

இது பற்றியும் பிறகு படித்தேன். 1973இல் அமெரிக்காவில் லெப்பர் என்பவரும் சகாக்களும் நர்சரிக் குழந்தைகளிடம் செய்த பரிசோதனை பிரபலம். ஸ்கெட்ச் பேனாவால் ஆசையாகப் படம் வரைந்துகொண்டிருந்த குழந்தைகளில் சிலரிடம், வரைந்தால் ரிப்பன் வைத்த சர்டிபிகேட் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். தந்தார்கள். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் அந்தக் குழந்தைகள்தான் பேனாவைத் தொடுவது குறைந்திருந்தது. குழந்தைகளுக்காவது ரிப்பன்தான். இவனுக்குச் சம்பளம்.

நாலு நாள் அவன் வரவில்லை. செப்டம்பர் 29, ஆயுத பூஜை. கிளினிக்கில் டிகிரி அளக்கும் ஸ்கேலுக்கும் பேலன்ஸ் பலகைக்கும் பல்லாங்குழிக்கும் சந்தனப் பொட்டு. நான் பொரி கடலை மடித்துக்கொண்டிருந்தேன். பையன் வந்து வாசலில் நின்றான்.

"உள்ளே வா தம்பி" என்றேன். அதற்கு மேல் என்ன சொல்வது என்று தெரியவில்லை. பஜ்ஜிப் பொட்டலத்தை நீட்டினேன். அதுவரை வாங்கிக் கொடுக்காத பாக்கி.

வாங்கிக்கொண்டான். பக்கத்தில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் கழித்து, "இந்நேரம் அந்த பிரஸ்ஸுக்கும் பொட்டு வெச்சு மாலை போட்டிருப்பாங்கண்ணே" என்றான்.

அன்றைக்குத்தான் முதல் முறையாக சார் போய் அண்ணே வந்தது.

அதன் பிறகு மேடம் விதியை மாற்றினார். எட்டிய கட்டத்துக்கு மார்க் கிடையாது. நாள் தவறாமல் செய்ததற்கு மட்டும் மார்க். முழங்கால் வீங்கினால் கழிவு. போர்டை யாரும் படம் எடுக்கக் கூடாது. கையின் பலத்தை அளக்கத் தனியாக ஒரு மெஷின் இருக்கிறது, பிடித்து அமுக்கினால் கிலோவில் காட்டும். அதில் அவன் வலது கை 18, இடது 41. அதை அப்படியே எழுதி, இப்போதைக்கு லேசான வேலை தரலாம் என்று லெட்டரும் கொடுத்தார். கம்பெனியில் லேசான வேலை என்று ஒன்று இல்லையாம். அக்டோபரில் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். நஷ்ட ஈட்டுக்கு மனுப் போட நானும் கூட அலைந்தேன். ஆடிட் ஆபீஸில் கற்றுக்கொண்டதில் உருப்படியாகப் பயன்பட்டது, எந்தப் பாரத்தை எத்தனை காப்பி எடுக்க வேண்டும் என்ற அறிவுதான்.

வேலை போன மறுநாள் அவன் வரமாட்டான் என்று நினைத்தேன். வந்தான். பல்லாங்குழியை இழுத்து வைத்துக்கொண்டான். இப்போது ஃபோட்டோ இல்லை, பந்தயம் இல்லை, சூப்பர்வைசர் இல்லை. மாமி எதிரில் உட்கார்ந்து நிஜமாகவே ஆட ஆரம்பித்தார். மாமி தோளால் எட்டிப் போட வேண்டும், இவன் விரலால் கிள்ளிப் போட வேண்டும். மாமி பயங்கரமாகப் போங்கு ஆடுவார். இவன் சிரித்து அப்போதுதான் பார்த்தேன்.

நவம்பரில் கொட்டையிலிருந்து உளுந்துக்குப் போனான். டிசம்பரில் அரிசிக்கு. ஒரு வேலையும் கிடைத்தது. கிண்டியில் ஒரு கம்பெனி ஸ்டோரில் சாமான் எடுத்துக் கொடுத்து நோட்டில் குறிக்கும் வேலை. பழைய சம்பளத்தைவிட ஆயிரத்து ஐந்நூறு குறைவு.

என் கால் டிசம்பர் கடைசியில் 124இல் மாட்டிக்கொண்டு நகரவே இல்லை. இதற்கிடையில் மாமனார் ஒரு ஞாயிற்றுக்கிழமை "சும்மா இந்தப் பக்கம் வந்தேன்" என்று வந்து, தரையில் ஜமக்காளம் விரிக்கச் சொல்லிச் சாப்பாடு போடலாமே என்று ஆலோசனை சொன்னார். அம்மா டைனிங் டேபிளைத் துடைத்துக்கொண்டே, "தரையில எறும்பு" என்றாள். அவர் போகும்போது என் முழங்காலைப் பார்த்து வணக்கம் வைத்துவிட்டுப் போன மாதிரி இருந்தது.

2018 ஜனவரி கடைசி. முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்பு மேடம் ஸ்கேலை வைத்துப் பார்த்தார். 131. "உட்காரலாம். ஆனா முக்கால் மணிக்கு மேல வேண்டாம். ஐயர்கிட்ட நான் வேணா பேசட்டுமா?" என்றார்.

மணையில் உட்கார்ந்தேன். முதலில் இடது கால். பிறகு வலது. மண்டபத்தில் பெண்ணைப் பார்க்காமல், மாப்பிள்ளை முகத்தையும் பார்க்காமல், வேட்டிக்குள் இருந்த முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தவர்கள் மூன்று பேர். முன்வரிசையில் பிசியோ மேடம், பக்கத்தில் தோள்பட்டை மாமி, மேடைத் தூணுக்குப் பக்கத்தில் மாமனார். என் மனைவி தலை குனிந்தபடியே, உதடு அசையாமல் கேட்டாள்: "எத்தனைங்க?"

கெட்டிமேளம். தாலி கட்டி நிமிர்ந்தால் நாலாபக்கமும் அட்சதை மழை. எல்லாரும் கையள்ளி வீசிக்கொண்டிருந்தார்கள். பையன் மட்டும் மேடை ஓரத்தில் நின்று, இடது உள்ளங்கையில் அரிசியை வைத்துக்கொண்டு, வலது கையின் இரண்டு விரலால் ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். பின்னால் நின்றவர்கள், "சீக்கிரம் போட்டுட்டு நகருப்பா" என்று தள்ளினார்கள். அவன் நகரவில்லை.

கால் மரத்துப்போய் எழுந்திருக்க முடியாமல் மச்சான் இரண்டு பேர் என்னைத் தூக்கிவிட்ட கதையை விட்டுவிடுகிறேன். பந்தியில் அவனைப் பிடித்தேன்.

"எத்தனைடா போட்டே?"

"பதினொண்ணுண்ணே. பன்னெண்டாவதும் எடுத்தேன். அது போட்டோகிராபர் மேல போய் விழுந்திடுச்சு."